எஞ்சின் குழியில் இறங்கிய இருதயம்மா

இருதயம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைசி வரைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து தேயிலைத் தூளில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்திருப்பாள். அவளை யார் கேட்டார்கள்?

இலங்கை மலைநாட்டு மடுல்சீமையில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போனதிலிருந்து அவளால் மலை ஏற முடியாது. புருஷனும் இல்லை. உட்கார்ந்து செய்கிற அந்த வேலை போனால் தோட்டத்துக் கணக்கிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும்.

ஐம்பத்தாறாம் வருஷம், மழைக்காலம். ஸ்டோர் எஞ்சினுக்கு அடியிலிருக்கும் குழியில் எண்ணெய் வழிந்து நிரம்பிவிட்டது. எஞ்சின்காரன் மாணிக்கராஜ் எண்ணெய் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்ட கோளாறு. தோட்டத்துத் துரை வருகிற நேரம் வேறு, ஸ்டோரை நடத்துகிற டீமேக்கருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"குழாயத் தொறந்து கானுல கழுவி விடுடா!" என்று மாணிக்கராஜிடம் கத்தினார்.

அந்தக் கான் வாய்க்கால் நேரே எங்கள் கீழ் லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குத்தான் போகிறது. நாங்கள் குடிக்கிற தண்ணீர் அது.

"ஐயோ, வேணாங்கய்யா! புள்ளகுட்டி குடிக்கிற தண்ணிங்க. நானே அள்ளிர்றேன்" என்று ஓடிவந்தாள் இருதயம்மா.

குழிக்குள் குந்த முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தாள். கழிவுத் தூளைக் கொட்டி ஊறவைத்து, சாக்கால் ஒற்றி, வாளி வாளியாக அள்ளினாள். குழி துப்புரவானது. துரை வந்தார், தலையாட்டினார், போனார்.

திரும்பக் காம்பு பொறுக்கப் போனவளை, கையில் எண்ணெய் வாடை என்று டீமேக்கர் வாசலிலேயே மறித்தார். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். தலையில் பூ வைத்திருந்தால்கூட அந்த அறைக்குள் விடமாட்டார்கள். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊராருடைய தண்ணீரை நினைத்தவளுக்குத் தன் கையை நினைக்கத் தோன்றவில்லை, பைத்தியக்காரி!

"வாட போற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்றார்.

சாம்பல், புளி, சவர்க்காரம் என்று எதையும் விடவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்த நானும் பீலியடியில் தேய்த்துவிட்டேன். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

"போயிருச்சாக்கா? மோந்து பாரேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தனியாகப் போய் அழுதேன்.

பல நாள் தேய்த்து ஒருவழியாக வாடை போயிற்று. அன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நொண்டி நொண்டி வந்தாள். டீமேக்கர் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள்.

"மோந்து பாருங்கய்யா. ஒண்ணுமே இல்லீங்க."

அந்த மனுஷன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வேற ஆளப் போட்டாச்சு. நாளைக்குக் காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நின்னு, கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போ."

அவர் உள்ளே போய்விட்டார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். நான்தான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.