களத்தில் போட்ட கோடு

என் அத்தை பிற்காலத்தில் மைசூர், கல்கத்தா என்று ரயிலேறிப் போய் டென்னிஸ் ஆடிக் கோப்பைகள் வாங்கினாள். பந்தடிப்பதற்காகவே ஓர் ஆபீசில் கூப்பிட்டு உத்தியோகமும் கொடுத்தார்கள். அதெல்லாம் உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் நெற்களத்தில் ஒரு சாயங்காலம் முடிவான விஷயம் என்றால் யார் நம்பப்போகிறார்கள்? நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவள்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. மெட்ராஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது டென்னிஸ் கற்றுக்கொண்டாள். பொங்கல் லீவில் வந்தவள், மெட்ராஸில் ஒரு பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். சித்தப்பா குதித்தார். அவரும் ஆபீஸ் கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர்தான். தான் ஆடினால் நாகரிகம், தங்கை ஆடினால் மானக்கேடு!

"நாலு பேரு எதிர்ல பொம்பளப் புள்ள குதிச்சிக்கினு கீதுன்னா வூட்டுக்குத்தான் அசிங்கம் நைனா," என்று தாத்தாவிடம் முறையிட்டார்.

அத்தையா விடுகிறவள்? "அண்ணன் என்னை ஜெயிச்சிக் காட்டட்டும் நைனா. நான் தோத்துட்டா போட்டிக்குப் போகல."

"இன்னாடா சொல்ற?" என்றார் தாத்தா. சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார்.

ஊரிலேயே மேடு பள்ளம் இல்லாத தரை எங்கள் களம்தான். மறுநாள் அறுப்புக்காக அன்று மத்தியானம்தான் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். அத்தை சுண்ணாம்பால் கோடு போட்டாள். ஏரியில் மீன் பிடிக்கும் வலையை இரண்டு மூங்கிலில் கட்டினோம். கிட்டப் போனால் கெளுத்தி நாற்றம். களத்தில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்பதால் சித்தப்பா தன் வெள்ளை ஷூவைக் கழற்ற வேண்டியதாயிற்று. சாணித் தரையில் அவர் வழுக்கிய வழுக்கல் இருக்கிறதே, அடடா! அறுப்பு ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறந்தாள்.

ஆனாலும் சித்தப்பா லேசுப்பட்டவர் இல்லை. கடைசியில் இரண்டு பேரும் சரிசமமாக வந்து நின்றார்கள். அடுத்த புள்ளி யாருக்கோ அவருக்கே வெற்றி. வலைக்கருகே நின்ற சித்தப்பாவின் தலைக்கு மேலே அத்தை பந்தைத் தூக்கி அடித்தாள்.

"அவுட்டு!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடியவர் வழுக்கி உட்கார்ந்தார்.

அவுட்டேதான். காயாத சாணியில், கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் பந்தின் தடம் பணியாரக் குழி மாதிரி பதிந்திருந்தது. அத்தைமேல் எனக்கு உயிர். என்றாலும் வெளியே விழுந்தால் வெளியேதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே!

களத்தோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாத்தா எழுந்து வந்து நேராக அந்தத் தடத்தின்மேல் காலை வைத்து நின்றார். "கோட்டு மேலதான்டா வுழுந்துச்சி. புள்ள ஜெயிச்சிட்டா."

"எங்க, காட்டு நைனா!"

"இன்னாத்தடா காட்றது? நான் பாத்தேன்."

எனக்குப் பதறிவிட்டது. "தாத்தா, உன் காலுக்கடியிலதான் கீது, காலைத் தூக்கு!" என்று அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார், தாத்தாவின் காலைப் பார்த்தார், ஷூவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"யாருடா அங்க, களத்த இன்னொரு வாட்டி மொழுவுங்க," என்றார் தாத்தா. ஆட்கள் அவர் காலைச் சுற்றி மெழுகிக்கொண்டே வந்தார்கள். கடைசியில்தான் அவர் நகர்ந்தார். அந்த இடத்தையும் மெழுகிவிட்டார்கள். அத்தை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் அம்மாவிடம் ஓடினேன். தாத்தாவுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை, காஞ்சிபுரம் டாக்டரிடம் சீக்கிரம் காட்டச் சொல்லு என்று விசனத்தோடு சொன்னேன்.