சரீபா மாமி காவலிருந்த படச்சுருள்

மன்னார் உப்புக்குளத்தில் நிக்காஹ் வீட்டுப் பெண்கள் பகுதிக்குள் நுழைய வேண்டுமென்றால் இப்போது வாசலிலேயே போனைக் கூடையில் போட வேண்டும். ஒருமுறை யாரோ மணப்பெண்ணைப் படமெடுத்து அனுப்பியதில், பெண் மேடையிலிருந்து இறங்குமுன் படம் கட்டாரில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கூடை. அந்தக் கூடையால் பிழைக்கப் பார்த்தவள் ஹுஸ்னியா.

மணப்பெண்ணைச் சோடித்து அலங்கரிப்பது அவள் தொழில். கொழும்பில் ஒரு பழைய பெட்டிக் கமெரா வாங்கிவந்தாள். "சுருளில எடுத்து நானே கழுவுறன். ஆம்பிளைக் கண் படாது" என்று வாக்குக் கொடுத்தாள். முதலில் நம்பியவர் சரீபா மாமி. மகள் அஸீபாவின் கலியாணம், ஒரே சுருள், பன்னிரண்டு படம். அது கெட்டால் கலியாணத்துக்குச் சாட்சி சோற்றுச் சட்டிதான்.

மாமிக்கு நம்பிக்கை உண்டு, ஆனாலும் காவல் தேவை. கழுவுகிற அன்று ஹுஸ்னியா வீட்டுக் குளியலறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஹுஸ்னியாவின் கணவன் முபீனை, "தம்பி, கொஞ்சம் கடைப்பக்கம் போங்கோ" என்று தெருவுக்கு அனுப்பினார். "சீனி வருத்தம் புள்ள, இனிப்பு தொட்டு ஒரு வருசம்" என்று வெறும் தேத்தண்ணி குடித்தார்.

உள்ளே வெளிச்சம் புகாமல் யன்னலுக்கு இரண்டு அபாயா, கதவிடுக்குக்குத் துவாய். மீன் வாடியில் வாங்கிய ஐசுக்குள் படம் கழுவும் மருந்துப் போத்தல். மன்னார்த் தண்ணீரின் சூட்டுக்குப் படம் அவிந்துவிடும். ஹுஸ்னியா விளக்கை அணைத்தாள். சுருளின் காகிதத்தை உரித்து, அதில் ஒட்டியிருந்த பிலிமைப் பிரித்து, அதைச் சுற்றிவைக்கும் பிளாஸ்டிக் சில்லில் ஏற்றினாள். வீணான சுருளொன்றில் கண்ணை மூடிப் பழகியதுதான். ஆனால் பாதியில் இறுகியது. தள்ளினால் மடியும், மடிந்த இடத்தில், அதாவது அஸீபாவின் முகத்தில், பிறைபோல் தழும்பு விழும்.

அப்போதுதான் உறைத்தது. சுத்தக்காரியான அவள் காலையில் சில்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தாள். ஈரச் சில்லில் பிலிம் ஏறாது.

வெளியே நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு.

"புள்ள, கதவைத் திற. ஒழு எடுக்கோணும்."

"திறந்தா உங்கட மகள் எரிஞ்சு போவா மாமி!"

"எரியிறாளா? யா அல்லாஹ், உள்ளுக்கு என்னடி செய்யிற?"

கதவு ஆடியது. கொக்கியின் ஆணி ஏற்கனவே தளர்ந்தது. ஹுஸ்னியா முதுகைக் கதவில் கொடுத்தபடி பிலிமை மெல்ல உருவி, சில்லில்லாமலே படம் கழுவும் டப்பாவுக்குள் விட்டாள். டப்பாவின் நடுக்குழாயைக் காணோம்! அது இல்லாமல் மூடினால் மூடிவழியே வெளிச்சம் இறங்கும். நிலமெல்லாம் தடவினாள். கொக்கி கிறீச்சிட்டது. வாளிக்குப் பின்னால் கையில் ஏதோ தட்டுப்பட்டது. குழாய்! சொருகினாள், மூடினாள், கதவைத் திறந்தாள்.

"இதுக்குள்ளயா என்ட மகள்?" என்று டப்பாவை முறைத்துவிட்டு மாமி கைகால் முகம் கழுவி ஒழு எடுக்கப் போனார். அவர் தொழுது முடிக்குமுன் முற்றத்து வெயிலில் சில்லு காய்ந்துவிட்டது. மறுபடி இருட்டு. இம்முறை பிலிம் வழுக்கிக்கொண்டு ஏறியது.

கழுவிய பிலிமைக் குளியலறைக் கொடியில் தொங்கவிட்டதும் மாமி மூக்கை நீட்டினார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: முகம் கறுப்பு, பல் கறுப்பு, முடி வெள்ளை.

"மாஷா அல்லாஹ்! ஆரெண்டு ஒருத்தருக்கும் விளங்காது. அச்சடிக்க வேணாம், இப்படியே தா."

விரல் ஒன்பதாவது படத்தில் நின்றது. மணப்பெண்ணுக்குப் பின்னால், மணிவைத்த முக்காட்டோடு ஒருவர், கருப்பட்டி வட்டிலப்பக் கரண்டியை வாய்க்குள் விட்டபடி. அதே முக்காடு இப்போது பிலிமுக்கு முன்னால் நின்றது.

"இது ஆரு புள்ள?"

"தெரியேல்ல மாமி."

"எனக்கும் தெரியேல்ல." மாமி கதவைச் சாத்தினார். "பிலிம் வேணாம், பதினொரு படம் மட்டும் அச்சடி. இந்தப் படத்தில ஆம்பிளைக் கண் மட்டுமில்ல, பொம்பிளைக் கண்ணும் படக்கூடாது."