எங்கள் வீட்டில் இரண்டு பாலன்

சித்தி வீட்டுச் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ரெட்டியார்பாளையத்தில் ஒரே சந்தில்தான் இரண்டு வீடும். எங்களுடையது மாடி வீடு. அப்பாவுக்குப் பிரான்சில் வேலை, வருஷம் ஒருமுறை பெட்டி பெட்டியாகச் சாமானோடு வந்து இறங்குவார். சித்தியுடையது சிமெண்ட் ஷீட் வீடு. சித்தப்பா பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை இறக்குகிறவர். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் அல்லவா எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்? அதற்கு அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் இன்னும் மோசம். எங்கள் கூடத்தில் அப்பா கொண்டுவந்த பீங்கான் சுரூபங்களும் சீரியல் லைட்டுமாகப் பெரிய குடில். சித்தி வீட்டில் அட்டைப்பெட்டிக் குடில். ஆனால் தினமும் சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு வைக்கோலை எடுத்து, அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் ஒன்றை ஆண்டவருக்குச் சொல்லி, பாலன் இயேசு படுக்கப்போகும் முன்னணைத் தொட்டியில் வைப்பார்கள்.

"இன்னிக்கி மழ பேஞ்சும் ஒழுகல" என்பாள் சித்தி.

"ஒழுகுச்சி. எம்மேல ஒழுகுனதால ஒனக்குத் தெரியல" என்பார் சித்தப்பா. இதற்குப் போய் அவர்களும் சித்தி மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒருநாள் என் கையிலும் ஒரு வைக்கோலைக் கொடுத்தார்கள். எனக்கு எட்டு வயது. என்னிடம்தான் எல்லாமே இருந்ததே, எதைச் சொல்வது? வைக்கோலைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்ததில், சங்கதி அவர்களுடைய பாலனிடம் இருக்கிறது என்று பட்டது. ஒரு கை உடைந்து, மூக்கில் சாயம் போன களிமண் சுரூபம் அது. சந்தோஷம் கொடுக்கிற பாலன் அவர்களுக்குப் போய்விட்டார். எங்களுக்கு வாய்த்தவர் வருஷா வருஷம் சும்மா அழகாகப் படுத்திருப்பார். அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் அம்மா ஒரு தட்டில் கேக்கை வைத்து, துணி போட்டு மூடி, சித்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். துணிக்கடியில் எங்கள் பாலனும் வந்தார். எங்கள் பக்கத்தில் பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். சித்தி அதிரசம் எடுக்க உள்ளே போன சமயத்தில் ஆளை மாற்றிவிட்டேன்.

வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. லீவில் வந்திருந்த அப்பா போனில் பேசிக்கொண்டே இருந்தார். அம்மா அவரிடம் ஏதோ கேட்டு, பதில் வராமல், டிவியைச் சத்தமாக வைத்தாள். இரண்டு நாள் காத்திருந்தேன். களிமண் பாலன் எங்கள் வீட்டில் ஒரு வேலையும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், கூடத்தில் நான் மட்டும் இருந்தபோது சித்தி வந்தாள். முந்தானையைப் பிரித்து எங்கள் பாலனை எடுத்தாள்.

"இவரு ஒங்கூட்டு ஆளுடி கண்ணு. வழி தெரியாம வந்துட்டாரு."

நான் ஓடிப்போய் அவர்களுடைய பாலனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "தரமாட்டேன்."

சித்தி என் தலையைத் தடவி, "வச்சிக்கடி. ஒங்கிட்ட இருந்தா இன்னா, எங்கிட்ட இருந்தா இன்னா" என்றாள். எங்கள் பாலனை முன்னணையில் கிடத்திவிட்டுப் போனாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பாலன். அவர்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முன்னணையில் வெறும் வைக்கோல். அதன் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து பாடினார்கள். நடுவில் சித்தப்பா சுருதி தப்பினார்; சித்தி மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர்கள் ஏமாற்றுக்காரர்கள், நிஜமான பாலனை வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

குடிலைக் கலைக்கிற மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் தினமும் ஒரு சாக்கு சொல்லி அங்கே போனேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால், பாயின் சுருளில், சித்தப்பாவின் கூடைக்குள்ளே கூடக் கைவிட்டுத் துழாவினேன்.

"இன்னாக்கா தேடுற? சொல்லு, நானும் தேடறேன்" என்று சித்தி மகள் என் கூடவே குனிந்தாள்.