மகளுக்கு மாட்டிவிட்ட கறுப்புக் கோட்டு

இன்று மாலை பனிச்சறுக்கு மேட்டின் அடியில் நின்றது நானும் என் கணவரும். மேலே, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு விளக்கு வெளிச்சத்தில் சறுக்கிவர எங்கள் மகள் டிலானி.

குளிருமென்று அவளுடைய ஜாக்கெட்டின் மேல் இவருடைய கறுப்புக் கோட்டையும் மாட்டி அனுப்பியிருந்தேன்.

"ஜாக்கெட்டிலை வெளிச்சம் பட்டால் மினுங்கிற பட்டியை மூடிவிட்டீரே! பின்னாலை வாறவனுக்குப் பிள்ளையைத் தெரியுமோ?" என்றார் இவர்.

செபமாலையை எடுத்தேன். எத்தனையாவது மணியென்பதே தவறிவிட்டது.

இரண்டு விளக்குகளுக்கு நடுவே, இருட்டில், ஒரு கறுப்பு உருவம் விழுந்தது. எழும்பவில்லை.

"மாதாவே!" என்று கத்திவிட்டேன்.

"ஏனம்மா கத்துறீங்கள்?" பக்கத்தில் டிலானி, கோட்டை இடுப்பில் கட்டியபடி. "வேர்த்தது, மேலையே கழட்டிட்டன். பறக்கிற மாதிரி இருந்துது!"

விழுந்தவர் வேறு யாரோ, சிரித்தபடி எழும்பினார்.

அவள் அடுத்த வெள்ளியும் போகக் கேட்கிறாள். கோட்டு வேண்டாம், சரி, பிள்ளையை விடலாமா? அனுப்பிப் பழகிய தாய்மார் சுணங்காமல் பதில் எழுதுங்கள்.