இரவல் வாங்கிய கிரேட்டிங்

சண்டைக்குப் பிறகு கல்முனையில் தமிழ்ப் பள்ளிக்கும் எங்கள் முஸ்லிம் பள்ளிக்கும் நடுவே இருந்தது ஒரு வீதிதான். அதைக் கடக்கத்தான் ஆட்கள் யோசித்தார்கள். அப்படியிருந்தும் அங்கே பௌதிகம் படிப்பித்த சேர், உயர்தரம் படித்த எங்களுக்குத் தன் ஆய்வுகூடத்திலிருந்த ஒரேயொரு கிரேட்டிங்கை இரவல் தந்தார். அது ஒழுங்காகத் திரும்பிப் போனால் மற்றச் சாமான்களும் வரும். இல்லாவிட்டால் அதோடு சரி. எங்கள் ஆய்வுகூடத்தில் பூட்டு மட்டும்தான் பெரிது.

கிரேட்டிங் என்பது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், தீப்பெட்டி அளவிலான கண்ணாடித் தகடு. அதில் கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் ஆயிரக்கணக்கான கோடுகள். யன்னல்களை அடைத்து, அட்டையில் வெட்டிய பிளவுக்குப் பின்னால் பல்பை எரியவிட்டு, தகட்டினூடாகப் பார்த்தோம். நடுவில் வெறும் வெள்ளைக் கீற்று. அதன் இரு பக்கமும் ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நிறப்பட்டை. அது முதலாம் வரிசை. அதற்கும் அப்பால் மங்கலாக, ஆனால் இன்னும் அகலமாக, இரண்டாம் வரிசை. கோடுகளுக்கு நடுவேயுள்ள பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளால் வரும் அலைகள் ஒரு முழு அலைநீளம் பிந்தி ஒன்றுசேரும் திசை முதலாவது. இரண்டு அலைநீளம் பிந்தினால் இரண்டாவது. நிறத்துக்கு நிறம் அலைநீளம் வேறு, அதனால் திசையும் வேறு. புத்தகத்தில் பாடமாக்கி வெறுத்துப் போயிருந்த விஷயம், பார்த்த உடனே விளங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டு மேசையில் தகட்டை வைத்து, அஸர் தொழுதுவிட்டு வந்தால், அது பளபளவென்று இருக்கிறது.

“கண்ணாடி முழுக்க விரல் அடையாளம் மகள். சவுக்காரம் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவி வெச்சிரிக்கன்,” என்றார் உம்மா.

பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம். இரவல் சாமானைக் கழுவாமலோ வெறுங்கையோடோ திருப்பிக் கொடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது.

தகட்டைப் பல்புக்கு நேரே பிடித்தேன். பல்பு மட்டும்தான் தெரிந்தது, நிறம் ஒன்றுமில்லை. கோடுகள் இருந்தது கண்ணாடியில் அல்ல, அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தில். உம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் தமிழ்ப் பள்ளிக்கு உம்மாவும் கிண்ணத்தோடு வந்தார். சேர் தகட்டை யன்னலுக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“ஓம், நல்ல சுத்தமா இருக்கு,” என்றார். பிறகு என்னிடம், “பிள்ள, அடுத்த பாடத்துக்கு இசைக்கவை தாறன், கொண்டு போங்க. அது உருக்கு. கழுவினாலும் ஒண்டும் ஆகாது.”

கிண்ணத்தை நீட்டிய உம்மாவின் கை அப்படியே நின்றது.

“அப்ப, இது?” என்று கேட்டார்.

சேர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.