அரியர் வந்த வீடு

இதை எழுதுவதாக, கோயில் ஓரம் குகை மாதிரி கட்டியிருக்கிற அந்தோனியார் கெபியில் நேர்ந்துகொண்டு ஆறு வருடம் ஆகிறது. மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்தவர்கள் மறு செவ்வாயே ஏற்றிவிடுகிறார்கள். முடி கொடுப்பதாக நேர்ந்தவர்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நான் எழுதுவதாக நேர்ந்துகொண்டேன். அதனால்தான் இத்தனை வருடம் இழுத்துவிட்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மளிகைச் சாமான் சீட்டுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அதோடு எழுத வேண்டியது எங்கள் வீட்டு முட்டாள்தனத்தை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைப் பற்றி இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். இந்த வருடம் மகளே சொல்லிவிட்டாள். "எழுதும்மா. சாமிகிட்ட சொன்னத வச்சுகினு இருக்காத. எனக்கு இன்னா வெக்கம் இதுல?"

எங்கள் வீடு ராயபுரத்தில். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். இந்த மாதிரி வீடுகளில் சில வார்த்தைகளுக்குத் தனி அர்த்தம் உண்டு. பாஸ் என்றால் கேட்டில் காட்டுகிற அட்டை. அரியர் என்றால் நல்ல சேதி. சம்பள ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தானால், விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே தவணையில் வருவதுதான் அரியர். எங்கள் வீட்டு பீரோ ஒரு அரியரில் வந்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு எடுத்த வெள்ளை கவுனும் அப்படித்தான். அதற்காக யாரும் எங்கேயும் போய் நிற்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் இழுத்தாலும் ஒரு நாள் தானாக வந்துவிடும். காத்திருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவதைத் தாண்டியவள் மகள்தான். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகவே உயிரியல் இருக்கிற குரூப் எடுத்துப் பிளஸ் ஒன் சேர்ந்தாள். அப்போதெல்லாம் பிளஸ் ஒன்னுக்கும் அரசுப் பொதுத்தேர்வு இருந்தது. மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்த அன்று வகுப்பு டீச்சர் என் வீட்டுக்காரருக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"சார், உங்க பொண்ணுக்கு பிசிக்ஸ்ல ஒரு அரியர் விழுந்திருக்கு. இந்த வாரத்துக்குள்ள ஸ்கூலுக்கு வந்து பாருங்க."

"ரொம்ப சந்தோசம் டீச்சர்," என்றார் இவர். "ஒன்னும் அவசரமில்ல. வர்றப்போ வரட்டும்."

அந்தப் பக்கம் போன் வைக்கிற சத்தம் கேட்டது.

செல்போனில் மார்க்கைப் பார்த்தோம். பிசிக்ஸில் எழுத்துத் தேர்வு பதினான்கு, செய்முறைத் தேர்வு இருபது, பள்ளிக்கூடத்தில் போடுகிற அகமதிப்பீடு பத்து. ஆக மொத்தம் நாற்பத்து நான்கு. "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸு," என்றார் இவர். "இவ நாப்பத்தி நாலு எடுத்துகீறா. அதுக்கு மேல அரியரு வேற கீதாம்." வர வேண்டிய மார்க் ஏதோ பாக்கி இருக்கிறது, பின்னால் சேர்த்துப் போடுவார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மறுநாள் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அவரோடு வேலை செய்பவர் ஒருவர் ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே, "நம்புளுக்கே இன்னும் வரல மாமு, உம்பொண்ணுக்கு அதுக்குள்ள வந்துச்சா? பெரிய ஆளுதான் அவ," என்றாராம். இவர் அதைப் பெருமையாக வந்து சொன்னார்.

மகள் சிரிக்கவில்லை. தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்து பத்து நாள் கழித்து, பிளஸ் டூ புத்தகம் வாங்கிவர நான் கூடப் போனேன். மாடிப்படியில் அந்த டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அப்ளை பண்ண வரவே இல்லையே?"

"இன்னாத்துக்கு டீச்சர் அப்ளை?"

"பிசிக்ஸ் துணைத் தேர்வுக்கு. தேதி முடிஞ்சு போச்சேம்மா. அவ பெயிலாயிருக்கா."

"பெயிலா? அரியர்னுதான சொன்னீங்கோ?"

டீச்சர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அரியர்னா பெயிலுன்னுதாம்மா அர்த்தம்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கி விளக்கினார். செய்முறை இருக்கிற பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு எழுபது மார்க். அதில் குறைந்தது பதினைந்து எடுத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மொத்தம் முப்பத்தைந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். இவள் எடுத்தது பதினான்கு. பிளஸ் டூவில் உட்கார்ந்து படிக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த ஒரு தாளை மறுபடி எழுதித் தேறாவிட்டால், பிளஸ் டூவில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் படிப்பு முடிந்ததாக ஆகாது. நர்சிங் கல்லூரியில் அதை வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. இனிமேல் மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சைகளோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். "உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏண்டி வாயத் தொறக்கல?"

"அப்பா ஜாங்கிரி வாங்கினு வந்துச்சு. அது அவ்ளோ சந்தோசமா கீறப்போ நான் இன்னான்னு சொல்றது?"

வேலையிலிருந்து வந்த இவரிடம் சொன்னேன். நான் பயந்த மாதிரி கத்தவில்லை. பாயில் உட்கார்ந்து, செல்போனில் அந்த மார்க்கை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "டீச்சராண்ட நான் இன்னா சொன்னேன்? வர்றப்போ வரட்டும்னா சொன்னேன்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். "அந்தம்மா நம்பள இன்னான்னு நெனச்சிருக்கும்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மகளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்துவிட்டது. அழ வேண்டிய நேரத்தில் மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கெபிக்குப் போனேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோனியார். எங்களுக்குக் காணாமல் போனது ஒரே ஒரு மார்க். "அந்தத் தாள்ல அவ தேறிட்டா, நாங்க பண்ண தப்ப ஒன்னு விடாம எழுதிப் போடறேன் சாமி," என்று நேர்ந்துகொண்டேன். வேறு எதையாவது நேர்ந்திருக்கலாம். அன்றைக்கு வாயில் அதுதான் வந்தது.

அந்த வாரமே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். புதிதாகப் பிளஸ் ஒன் சேர்ந்த பெண்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் சனிக்கிழமை கூட்டம், அதில் நான் பேச வேண்டும் என்றார்.

"எட்டாவது படிச்ச நான் இன்னா டீச்சர் பேசப் போறேன்?"

"அதுக்குத்தாம்மா கூப்புடறேன். நான் சொன்னா எல்லாரும் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. ஒருத்தர்கூட புரியலன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. உங்க வீட்டுக்காரர் ஏன் சந்தோசம்னு சொன்னாருன்னு அன்னிக்குப் படியிலதான் எனக்கே புரிஞ்சுது, நான் சொல்ற பாஷை சரியில்லன்னு."

பள்ளிக்கூட ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்களெல்லாம் மடிப்புக் கலையாத புதுச் சீருடையில் அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் கடைசியில் கதவோரம் நின்றாள். மைக்கைக் கையில் வாங்கினேன். சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். ஜாங்கிரி வாங்கியதைச் சொன்னதும் ஹாலே சிரித்தது. மூன்றாவது வரிசையில் காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா எழுந்தார்.

"இன்னாக்கா, பொண்ணு பெயிலானத மைக்கு போட்டு சொல்லிகினு கீற? எங்கூட்லன்னா பொத்திகினு இருப்போம்."

"எங்கூட்லயும் பொத்திகினுதான் இருந்தோம். அதுலதான் தேதி போச்சு."

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். "சரி, சொல்லு," என்றார்.

எனக்குத் தெரிந்தது துறைமுகம்தான். அதை வைத்தே சொன்னேன். "ஆர்பருக்குள்ள போவணும்னா மெயின் கேட்டுல ஒரு செக்கிங். உள்ள போயி கப்பலாண்ட நிக்கணும்னா அங்க இன்னொரு செக்கிங். அதே மாதிரிதான் இதுவும். மொத கேட்டு, பரீட்சையில உக்காந்து எழுதற தாளு. எழுவதுக்குப் பதினஞ்சு. செய்முறை இல்லாத பாடம்னா தொண்ணூறுக்கு இருவத்தஞ்சு. ரெண்டாவது கேட்டு, எல்லாம் சேர்ந்த மொத்தம். நூத்துக்கு முப்பத்தஞ்சு. மொத கேட்டுல உன்ன நிறுத்திட்டான்னா, உன் கையில மொத்தம் எவ்ளோ கீதுன்னு ரெண்டாவது கேட்டுல எவனும் பாக்க மாட்டான். எம்பொண்ணு நாப்பத்தி நால கையில வச்சுகினு மொத கேட்டுல நின்னுகினு கீறா."

ஓரமாக நின்ற ஒரு அண்ணாச்சி கையைத் தூக்கினார். திருநெல்வேலிக்காரர், தங்கசாலைத் தெருப் பக்கம் மொத்தக் கடை வைத்திருப்பவர். "அப்பம் பள்ளிக்கூடத்துல குடுக்க பத்து மார்க்கு, செய்முறை இருவது, இது முப்பதும் முழுசா வாங்கியாச்சுன்னு வைங்க. எழுத்துல அஞ்சு எடுத்தா முப்பத்தஞ்சுல்லா? அதுவும் பத்தாதோ?"

"பத்தாது அண்ணாச்சி. பதினஞ்சு வேணும்."

"அட, நான் நேத்துத்தான் பிள்ளைட்ட அஞ்சு போதும்னு கணக்குச் சொல்லிருக்கேன்," என்றார். பக்கத்திலிருந்த பெண் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அவர் இன்னொன்றும் கேட்டார். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஒரு மாதம் போய்விடுவது வழக்கமாம், பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்லமாட்டார்களே என்று. டீச்சரைப் பார்த்தேன். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்கள் என்றார் டீச்சர். அண்ணாச்சி யோசித்து, "சரி, கொடைக்கு மூணு நாளு போயிட்டு வந்துருதோம். அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா," என்றார்.

அதற்கப்புறம் கேள்வி நிற்கவில்லை. செய்முறைத் தேர்வு அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, குரூப் மாற்றலாமா, எதுவரைக்கும் மாற்றலாம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டீச்சர் சொல்லச் சொல்ல நான் எங்கள் பாஷையில் திருப்பிச் சொன்னேன். வெளியே வரும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்ட," என்றாள். ஆனாலும் கையை விடவில்லை.

அந்த வருடம் பிளஸ் டூ புத்தகத்தோடு பிளஸ் ஒன் பிசிக்ஸும் அவள் மேஜையில் இருந்தது. தினமும் ஜெபமாலை முடிந்ததும் ஒரு மணி நேரம் அந்தப் பழைய புத்தகம். ஓய்வுநாளில் இவர் எதிரில் உட்கார்ந்து, புரியாவிட்டாலும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். மார்ச்சில் எல்லாத் தாளையும் எழுதினாள்.

பிளஸ் டூ ரிசல்ட் முதலில் வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். தெருவில் சாக்லேட் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. பிளஸ் ஒன் ரிசல்ட் வர இன்னும் சில வாரம் இருந்தது. அதுவரை பிளஸ் டூ பாஸ் கையிலிருந்தும் எங்களுக்கு அது கையில் இல்லாத மாதிரிதான். நர்சிங் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். அந்த வாரங்களில் இவர் ஒரு தடவைகூட அரியர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அந்த ரிசல்ட் வந்த காலையில் இவர் வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாமல் நின்றார். மகள் செல்போனைப் பார்த்தாள். எழுத்துத் தேர்வில் முப்பத்தெட்டு. கீழே பாஸ் என்று போட்டிருந்தது. வாசலுக்குப் போய் அப்பாவிடம் செல்போனை நீட்டினாள்.

"வந்துச்சா?" என்றார் இவர்.

"வந்துச்சுப்பா அரியர்," என்றாள்.

அன்றைக்கு ஒரு கிலோ ஜாங்கிரி. முதல் பொட்டலம் டீச்சருக்குப் போனது. இன்று மகள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சீருடையைத் தேய்த்துக்கொண்டே, இதுவரை எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஜாங்கிரி அரைக் கிலோ இல்லை, முக்கால் கிலோ என்கிறாள். எனக்கு அரை என்றுதான் ஞாபகம்.

ஒவ்வொரு ஜூனிலும் அந்த ஹாலில் போய் நின்று இதைச் சொல்கிறேன். இப்போது பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பரீட்சை இல்லை என்று மாற்றிவிட்டார்கள். பிளஸ் டூவில் அந்த இரண்டு கேட்டும் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் என்னென்ன மாறுமோ. அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள், டீச்சர்கள் திட்டமாட்டார்கள். எங்களுக்கு நடந்தது மட்டும் மாறாது. போன வருடம் திருவொற்றியூருக்கு மின்சார ரயிலில் போகும்போது ஒரு பெண் இந்தக் கதையை எனக்கே சொன்னாள். யாரோ ஒரு ஆர்பர்காரர் வீட்டுப் பெண்ணாம், பதினைந்து மார்க் எடுத்தாலே பாஸ் போட்டுவிட்டார்களாம். நான் பதறிப்போய், தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூரில் இறங்குகிற வரைக்கும் அவளுக்கு இரண்டு கேட்டையும் விளக்கிக்கொண்டு போனேன்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையைப் புதிதாகப் பிளஸ் ஒன்னில் சேர்த்திருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். ஜாங்கிரி வாங்கியதையும் விட்டுவிடாதீர்கள், அதில்தான் எல்லாரும் சிரித்துவிட்டுக் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். பதினான்கைப் பதினான்கு என்றே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் காணாமல் போன அந்த ஒரு மார்க், நீங்கள் சொல்கிற கதையிலும் போய்விட வேண்டாம்.