செருப்புக்கால் வாத்து

நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு, தான் பெற்ற நாலரை வயதுப் பெண் மேல் பொறாமை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? அவன் மனைவியே முதலில் நம்பவில்லை. வேலை அதிகம், அதனால்தான் மனுஷன் சிடுசிடுவென்று இருக்கிறான் என்று நினைத்தாள். வேலையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பத்து மாடி, பதினைந்து மாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டெல்லாம் அவன் கை பட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. அவன் குடியிருப்பதோ லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி. அக்கம்பக்கத்தில் லிஃப்ட்காரன் என்றால்தான் தெரியும். சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறும்போது, எதிரில் இறங்குகிறவர்கள் யாராவது, "என்ன லிஃப்ட்காரரே, நடந்தே வரீங்க?" என்று கேட்பார்கள். பதினோரு வருஷமாக அதே ஜோக். பதினோரு வருஷமும் அவன் சிரித்திருக்கிறான். தங்கமான ஆள்தான். அப்பா வந்து சேர்ந்த பிறகுதான் இந்தக் கோளாறு.

அப்பா களிமண் சிலை செய்கிறவர். துணிக்கடை பொம்மைகளின் தலை, தோட்டத்தில் நிறுத்துகிற சிலைகள், இதற்கெல்லாம் முதலில் களிமண்ணில் ஒரு உருவம் செய்தாக வேண்டும். அதை வைத்துத்தான் அச்சு எடுப்பார்கள். அந்த முதல் உருவத்தைச் செய்வது அப்பா. முப்பத்தாறு வருஷம் ஒரே பட்டறை. அம்மா போன பிறகு தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மகனும் மருமகளும் அழைத்து வந்தார்கள். வந்தவர் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் பால்கனியில் கிடந்த பழைய தையல் மிஷின் மேஜையைத் துடைத்துவிட்டு, பேத்தி சுண்டுவுக்குப் பொம்மை செய்ய ஆரம்பித்தார்.

ஆரம்பித்தார் என்றால் நிறுத்தவே இல்லை. களிமண்ணில் தலை, ஒற்றைச் சாக்ஸில் உடம்பு வைத்து ஒரு முயல். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து ஒரு ஒட்டகச்சிவிங்கி. பற்பசை டப்பாக்களை ஒட்டி எட்டுப் பெட்டி ரயில். வீட்டில் எது உடைந்தாலும், "தூக்கிப் போட்டுடாதம்மா" என்று மருமகளிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வார். சுண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு ஓடுவாள். அங்கே கிழவரும் குழந்தையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேசுவார்கள். இவன் எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில்தான் இவனுக்கு எரியும்.

இவன் பிள்ளையாக இருந்தபோது இந்த மனுஷர் எங்கே போயிருந்தார்?

அது பழைய கணக்கு. ஐந்து வயதில் அப்பா இவனை ஒரே ஒரு முறை பட்டறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆமை மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான் ஒரு களிமண் பையன். இவன் வயதுதான் இருக்கும். அப்பா அந்தப் பையனின் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவி வழவழப்பாக்கினார். இவனும் ஆசையாக ஒரு விரலை வைத்தான். கன்னத்தில் குழி விழுந்துவிட்டது. "கைய எடு" என்றார் அப்பா. திட்டவில்லை, அடிக்கவில்லை, குழியை நிரப்பினார். கிளம்பும்போது, மண் காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று ஈரத்துணியை உதறி, தலையிலிருந்து கால்வரை அந்தப் பையனைப் போர்த்திவிட்டார். வீட்டில் இவனைப் போர்த்திவிடுவது அம்மாதான். அப்பா வருவார், நகத்தில் மண் போகக் கை கழுவுவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும், "துணி காஞ்சிருக்கும், நனைச்சுட்டு வந்துடறேன்" என்று போய்விடுவார்.

அதே வருஷம் தெருவில் ரோடு போட்டார்கள். ரோடு ரோலர் நாலு நாள் அங்கேயே நின்று வேலை செய்தது. நாலு நாளும் இவன் ஜன்னல் கம்பியை விடவில்லை. "அப்பா, எனக்கு இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பா" என்று கேட்டான். "பாக்கலாம்" என்றார். பெரியவர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்? ஒரு மாதம் தினமும் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இப்போது அதே அப்பா இவனிடம், "தேஞ்ச பேரிங் கெடச்சா எடுத்துட்டு வாடா, பழைய பட்டன் கழட்டிப் போட்டாலும் கொண்டா" என்கிறார். இவனும் கொண்டு வந்து கொடுக்கிறான். பொம்மை அவளுக்கு, சாமான் சுமப்பது இவன்.

ஒருநாள் இவன் செருப்பு காணாமல் போனது. மறுநாள் சுண்டு ஒரு வாத்தை இழுத்துக்கொண்டு கூடத்தில் வந்தாள். ஷாம்பு பாட்டில் உடம்பு, களிமண் தலை, பேரிங் சக்கரம். கண்ணுக்கு லிஃப்ட் பட்டன். இடது கண்ணில் 2, வலது கண்ணில் 7. கயிற்றைப் பிடித்து இழுத்தால் ரப்பர் கால் இரண்டும் மாறி மாறிச் சளப் சளப் என்று தரையை அடித்துக்கொண்டு வந்தன. அந்தக் கால்கள் எங்கிருந்து வந்தன என்று இவனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"என் செருப்ப வெட்டியிருக்காரு" என்றான் மனைவியிடம், அடிக்குரலில்.

"தேஞ்சுபோனதுதானே."

"எங்க தேஞ்சுது? ஒரு ஓரம் லேசா தேஞ்சிருந்தது."

அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "என்னங்க, உங்களுக்கு இப்ப என்ன வேணும்? செருப்பா, வாத்தா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் மிச்சத் துணியை மடித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை சுண்டு பள்ளிக்கூடம் போனபின், அப்பா முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பியபின், லிஃப்ட்காரன் அந்த வாத்தை எடுத்துக் கருவிப் பைக்குள் ஸ்பானர்களுக்கு நடுவில் திணித்தான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அன்றைக்கு ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் வேலை. மொட்டைமாடியில் மோட்டார் ரூம். கூட வேலை செய்கிற நெட்டை, டெஸ்டரை எடுக்கப் பைக்குள் கையை விட்டவன் வாத்தை எடுத்துவிட்டான்.

"என்னடா இது?"

"எங்கப்பா எனக்குச் செஞ்சது." வாய் தானாகச் சொன்னது. "அஞ்சு வயசுல."

நெட்டை வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தப் பட்டன் நாம போன வருஷம் மாத்தினது மாதிரி இருக்கே?"

ஒரு லிஃப்ட்காரன் இன்னொரு லிஃப்ட்காரனிடம் இப்படி மாட்டலாமா? "கண்ணு மட்டும் புதுசு. பழசு விழுந்துடுச்சு" என்று சமாளித்தான். நெட்டை நம்பினான். நம்பியது மட்டுமல்ல, அவன் முகத்தில் ஒரு ஏக்கம் வந்தது. அந்த ஏக்கத்தைப் பார்த்ததும் நம்மவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னைப் பார்த்தும் ஒருத்தன் பொறாமைப்படுகிறானே! அப்புறம் நிறுத்த முடியவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க அளந்தான். முயலைச் சொன்னான், ஒட்டகச்சிவிங்கியைச் சொன்னான், இல்லாததையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

அந்த மயக்கத்தில் வாத்தை மோட்டார் ரூமிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

வீட்டில் சுண்டு கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், சோப்புத் தூள் வாளிக்குள் என்று தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா, நீ பாத்தியா?"

"இல்லம்மா." பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் துணிக்கடை மொட்டைமாடிக்கு ஓடினான். வாத்து இல்லை. நெட்டை வேறு இரண்டு நாள் லீவு. திருட்டு முழியோடு வீடு திரும்பினால், அப்பா அழுத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "கெடைக்கலன்னா போகட்டும் கண்ணு, தாத்தா இன்னொண்ணு செஞ்சு தரேன். நாளைக்கே செஞ்சு தரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணியவன் இவன். அப்போதும் 'நாளைக்கே' என்ற சொல் இவனுக்குச் சுருக்கென்று குத்தியது. இவனுக்குப் பார்க்கலாம், அவளுக்கு நாளைக்கே.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினார்கள். நெட்டை, கையில் ஒரு துணிப்பையோடு நின்றான்.

"வணக்கம்பா" என்றான் நேராகப் பெரியவரிடம் போய். "இவன்கூட வேல செய்யறேன். இத மோட்டார் ரூம்லயே விட்டுட்டு வந்துட்டான். யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு நான் எடுத்து வச்சேன். முப்பத்தேழு வருஷமா வச்சிருக்கறது, தொலஞ்சா மனசு விட்டுடுவான்ல."

பையிலிருந்து வாத்து வெளியே வந்தது. டீ கொண்டு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். லிஃப்ட்காரன் மெல்லக் கதவோரம் நகர்ந்தான்.

நெட்டை விடவில்லை. "இவன் எல்லாம் சொன்னான்பா. வாரத்துக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களாமே. பட்டறைலேர்ந்து வந்ததும் கை கழுவுறதுக்கு முந்தி இவனத்தான் தூக்குவீங்களாமே. தூங்கினப்புறம் வந்து போர்த்திவிடுவீங்களாமே. எங்கப்பா எனக்கு ஒரு பம்பரம்கூடச் செஞ்சு குடுத்ததில்ல. குடுத்து வச்சவன் இவன்."

அப்பா மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான்.

அதற்குள் சுண்டு ஓடிவந்து வாத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இது என்னோடது! தாத்தா எனக்குச் செஞ்சது!"

இனி மறைக்க என்ன இருக்கிறது? கையும் களவுமாக, அதுவும் சொந்தப் பிள்ளையிடம். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"உன்னோடதுதான் கண்ணு" என்றது அப்பாவின் குரல். "முன்னாடி உங்கப்பா வச்சிருந்தாரு. அவருக்கு அஞ்சு வயசுல நான் செஞ்சது. இப்ப உனக்குக் குடுத்துட்டாரு."

"நீ செய்யறத நான் பாத்தேனே."

"கண்ணு மாத்தினதப் பாத்திருப்ப."

"ஆமாம்மா, கண்ணு புதுசுன்னு உங்கப்பாவும் சொன்னாரு" என்று நெட்டை சாட்சி வேறு சொன்னான். டீ குடித்துவிட்டு, பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றான் லிஃப்ட்காரன். மனைவி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா பால்கனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க அந்த மேஜையில் எதையும் தொடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் இவன் படியேறி வந்து பையை இறக்கியதும் அப்பா கூப்பிட்டார். "இங்க வாடா. அஞ்சு வயசுல உனக்கு என்ன புடிக்கும்? எனக்குத் தெரியல. அதான் கேக்கறேன்."

யோசிக்கவே இல்லை அவன். "ரோடு ரோலர்."

அப்பா தலையை ஆட்டினார். கேட்டது ஞாபகம் வந்ததா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பால்கனி வாசலில் ஒரு போர்வை தொங்கியது. சுண்டுவுக்கே உள்ளே அனுமதி இல்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். சாப்பிடும்போது அப்பா இவனையே உற்று உற்றுப் பார்த்தார். ஒருநாள், "புருவத்துல என்னடா தழும்பு?" என்றார். "ஆறாவது படிக்கறப்ப கதவு இடிச்சுதுப்பா." "ஓ" என்றார். இன்னொரு நாள், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு" என்றார். இவனும் வாயில் சோற்றோடு திரும்பி உட்கார்ந்தான். கூச்சமாக இருந்தது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றும் இருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார். முன் உருளைக்குப் பால்பவுடர் டப்பா. பின் சக்கரத்துக்கு லிஃப்ட்டின் பழைய கப்பி இரண்டு. பிஸ்கட் டின்னை வெட்டிக் கூரை. தூக்கிப் பார்த்தான், நல்ல கனம்.

"உருளைக்குள்ள களிமண் ரொப்பியிருக்கேன். ரோடு ரோலர்னா அழுத்தணும்ல" என்றார் அப்பா.

ஓட்டுநர் இருக்கையில் விரல் உயரத்தில் ஒரு களிமண் ஆள் உட்கார்ந்திருந்தான். முன்தலை வழுக்கை. தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு. மீசை. இடது புருவத்தில் ஒரு கீறல்.

"அஞ்சு வயசு மூஞ்சிதான் வைக்கணும்னு பாத்தேன்" என்றார் அப்பா, உருளையை விரலால் தட்டிக்கொண்டே. "எவ்வளவோ யோசிச்சேன். அந்த ஆமைப் பையன் மூஞ்சிகூட வருது, உன்னோடது வரல. அதான் இப்ப இருக்கறதையே வச்சுட்டேன்."

நன்றி என்று சொல்லலாம், ஆனால் அப்பாவிடம் யார் நன்றி சொல்கிறார்கள்? "மீசை இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்கு" என்றார் அப்பா.

தரையில் உட்கார்ந்து ஒரு தள்ளுத் தள்ளினான். கூடம் அதிர்ந்தது. சத்தம் கேட்டுச் சுண்டு வாத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, எனக்குக் குடு."

"தரமாட்டேன்."

"ஒரே ஒரு தடவ."

"மாட்டேன். இது எங்கப்பா எனக்குச் செஞ்சது."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுண்டு தரையை உதைத்துக்கொண்டு தாத்தாவிடம் ஓடினாள்.

"தாத்தா, அப்பா தரமாட்டேங்கறாரு. நீ சொல்லு தாத்தா."

பெரியவர் மேஜையில் சிந்தியிருந்த மண்ணைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எப்படிக் கண்ணு சொல்றது?" என்றார். "அது அவனோடது."